அடுக்குமரத் துப்பாக்கிக் கட்டையும் மண்வெட்டிக் காம்பும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றியவை. அவற்றுக்கு அடுத்த இதழில் மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். மூன்று கடிதங்கள் மட்டும் வேறு வகை. மூன்றும் மரத்தைப் பற்றிக் கேட்கின்றன: ஒன்று விளையாட்டுத் துப்பாக்கி, ஒன்று காவல் துப்பாக்கி, ஒன்று மண்வெட்டி. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பதால் இந்த இதழில் சேர்த்தே எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் காவிரிப் பாசனப் பகுதியில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி. என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுவதில் பயிற்சி எடுக்கிறாள். கறவை மாடு இரண்டையும் விற்று, மேற்கொண்டு கடனும் வாங்கி, ஒருவர் பயன்படுத்திய வெளிநாட்டு ரைபிளை வாங்கிக் கொடுத்தேன். அதன் கட்டை பல நிற மரத்தாள்களை அடுக்கி ஒட்டியது. இந்த மழையில் கன்னம் வைக்கும் இடம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அடிப்பக்கம் ஓர் அடுக்கின் விளிம்பு நகத்தில் தட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவினேன். இப்போது பிசுபிசுக்கிறது. அடுத்த மாதம் போட்டி. என்ன செய்வது?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் தனிநபர் தங்கம் 2008இல் அபினவ் பிந்த்ராவுக்குக் கிடைத்தது இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இதே பிரிவில் சுட்டவர். உங்கள் மகளும் நன்றாக வரட்டும்.

எனக்குத் தெரிந்தது பயிரும் விதையும். அதனால் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஒருவரிடமும், எங்கள் ஊர் ஆசாரியிடமும் கேட்டுத் தெளிந்துகொண்டே எழுதுகிறேன்.

விதைநெல்லை 13 சதவீத ஈரத்துக்குக் காயவைத்து மூட்டை கட்டுகிறீர்கள். மழைக்காலத்தில் சாக்கு மூட்டையிலேயே வைத்திருந்தால் அந்த நெல் காற்றிலிருந்து மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்கிறது இல்லையா? மரமும் அப்படித்தான். வெட்டி நூறு வருஷம் ஆன மரமும் ஐப்பசியில் ஈரத்தைக் குடிக்கும், சித்திரையில் திருப்பிக் கொடுக்கும். குடிக்கும்போது உப்பும், கொடுக்கும்போது சுருங்கும். அதுவும் நீளவாட்டில் அநேகமாக மாறாது, குறுக்குவாட்டில்தான் மாறும். ஒரே பதத்தில் ஈரமாகவே கிடந்தால் பூசணம் வரும், உளுக்கும். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வந்தால் வெடிக்கும், கோணும், ஒட்டு விடும். கட்டையானாலும் காம்பானாலும் நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: இந்தக் குடித்தலையும் கொடுத்தலையும் மெதுவாக்குவது.

அடுக்குமரம் வந்ததே இதற்காகத்தான். மரத்தை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய தாள்களாகச் சீவி, சாயம் ஏற்றி, பிசின் ஊட்டி, பெரிய அழுத்தத்தில் ஒட்டுவார்கள். கதவுக்கு வாங்கும் பிளைவுட்டில் ஒரு தாளின் நார் நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் இருக்கும். துப்பாக்கிக் கட்டையில் பெரும்பாலும் எல்லாத் தாளின் நாரும் நெடுக்காகவே ஓடும். ஒரு தாள் கோண நினைத்தாலும் பக்கத்துத் தாள்கள் விடாது. பிசின் இருப்பதால் ஈரமும் வேகமாக ஏறாது. பத்து மீட்டர் தூரத்தில், நடுப்புள்ளி அரை மில்லிமீட்டராக இருக்கும் அட்டையில் சுடுகிறவர்களுக்குக் கட்டை ஒரு மயிரிழை கோணினாலும் குறி மாறிவிடும். அதனால்தான் கொஞ்சம் கனமானாலும் இதை விரும்புகிறார்கள்.

ஆனால் அடுக்குமரம் நனையாத மரம் அல்ல. அதற்கும் வாய்கள் உண்டு. தோளில் பதியும் பின்முகம், திருகு ஏறும் துளைகள், உலோகம் உட்காரும் உள்பள்ளம், கைபிடியில் அரம் போட்ட சொரசொரப்பு, மேல்பூச்சு உரிந்த கீறல்கள் ஆகியவைதான் அந்த வாய்கள். நாரின் வெட்டுமுகம் எங்கே வெளியே தெரிகிறதோ அங்கே மரம் பல மடங்கு வேகமாகக் குடிக்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

முதல் வேலை மகளுடையது. துப்பாக்கியில் குண்டு இல்லை, காற்று அழுத்தம் ஏற்றிய நிலையில் இல்லை என்று அவள் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தபடி சரிபார்க்க வேண்டும். அதற்குப் பிறகே யாரும் துணியைக் கையில் எடுக்கலாம். துடைக்கத்தானே போகிறோம் என்று இதைத் தாண்ட வேண்டாம்.

இரண்டாவது, தேங்காய் எண்ணெயை எடுப்பது. தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், கடலை எண்ணெய் எதுவும் காயாத எண்ணெய்கள். அவை மேலேயே நின்று தூசியைப் பிடிக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை வரும். அரை லிட்டர் தண்ணீரில் நான்கைந்து சொட்டு மென்மையான சோப்புத் திரவம் விட்டு, பருத்தித் துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து துடையுங்கள். அடுத்து வெறும் தண்ணீரில் பிழிந்த துணி, பிறகு உலர்ந்த துணி. இதை இரண்டு மூன்று முறை செய்தால் பிசுபிசுப்பு போய்விடும். உலோகப் பாகத்தில் தண்ணீர் படக்கூடாது.

மூன்றாவது, அந்த வெள்ளை எது என்று பார்ப்பது. துடைத்ததும் போய்விட்டால் அது பூசணம். போகாமல் பூச்சுக்குள்ளேயே புகைமாதிரி தெரிந்தால், மேல்பூச்சில் ஈரம் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் மருந்து காற்றோட்டமான நிழல்தான். மின்விசிறி ஓடும் அறையில் நாலைந்து நாள் பெட்டிக்கு வெளியே வையுங்கள். பெரும்பாலும் புகை தானாகத் தெளியும். வெயிலில் காட்டாதீர்கள், அடுப்புக்கு அருகில் வைக்காதீர்கள், முடி உலர்த்தும் கருவியையும் காட்டாதீர்கள். வேகமாகக் காய வைத்தால் மேல் அடுக்கு முதலில் சுருங்கும், அடியில் உள்ளது சுருங்காது. ஒட்டு விடுவது அப்போதுதான்.

நான்காவது, எண்ணெய் வேண்டுமா என்பது. தெரியாத மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். முத்துமாதிரி நின்றால் மேல்பூச்சு நன்றாக இருக்கிறது. அதன்மேல் எந்த எண்ணெய் தடவினாலும் உள்ளே போகாது, வீண். நிறமில்லாத மரமெழுகை மிக மெல்லிசாகத் தடவி, உலர்ந்ததும் துணியால் தேய்த்து எடுத்தால் போதும். கைபிடியின் சொரசொரப்பில் மெழுகு வேண்டாம், கை வழுக்கும். சொட்டு ஊறி அந்த இடம் கறுத்தால், அங்கே பூச்சு போய்விட்டது. அதை மறுபடி பூச வேண்டும். போட்டி முடிந்த பிறகு விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

ஐந்தாவது, விளிம்பு தட்டுகிற அடுக்கு. இதுதான் முக்கியம். உப்புத்தாள் போடாதீர்கள், ஃபெவிகால் விடாதீர்கள், உடனே ஒட்டும் பசையையும் விடாதீர்கள். காய்ந்த பிறகு அது தானாகப் படிந்தால் மேற்புறம் உப்பியிருந்தது என்று பொருள், பயமில்லை. படியாமல் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. பென்சிலால் இரண்டு முனையிலும் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். ஒரு வாரத்தில் கோட்டைத் தாண்டினால் பயிற்சியாளரிடம் காட்டிச் சரிசெய்யும் வரை அதில் சுட வேண்டாம். கைபிடியின் குறுகிய பகுதியில் விரிசல் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கட்டையைக் கழற்றித் துடைக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். அந்தத் திருகுகளை எவ்வளவு முறுக்கியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் குறி நிற்கிறது. கழற்றினால் மகள் மறுபடி முதலிலிருந்து குறி பார்க்க வேண்டியிருக்கும். போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அது தேவையா?

இனி தினப்படிப் பழக்கம். பயிற்சி முடிந்ததும் கன்னமும் கையும் பட்ட இடத்தைப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். வியர்வை உப்பு பூச்சைத் தின்னும். கொசு விரட்டிக் களிம்பு தடவிய கையால் தொடக்கூடாது. அதில் சேர்க்கும் டீட் என்ற மருந்து வார்னிஷைக் கரைக்கும். கையைச் சுத்தம் செய்யும் சாராயத் திரவத்தால் கட்டையைத் துடைப்பதும் தவறு. மழையில் நனைந்து வந்த பெட்டியைத் திறந்து வையுங்கள். உள்ளே இருக்கும் பஞ்சு மெத்தை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் கட்டைக்குக் கொடுக்கும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் பூட்டிய காரிலும் விடாதீர்கள். மண்சுவரில் சாய்த்து வைத்தால் கரையான் ஏற வழியாகும்.

கேள்வி: ஐயா, மலையடிவாரத்தில் மரவள்ளி, நிலக்கடலை போடுகிறோம். அப்பா காலத்திலிருந்து பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது கட்டை முழுக்கப் பூசணம். வண்டி மையும் பழைய என்ஜின் ஆயிலும் கலந்து பூசினால் உளுக்காது என்கிறார்கள். பூசலாமா?

பதில்: பூச வேண்டாம் ஐயா. பழைய என்ஜின் ஆயில் காயாது. மரத்தின் நாரை மெதுவாகக் கெடுத்துக் கறுப்பாக்கும். அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்களும் இருக்கின்றன. கன்னத்தில் அணைத்துப் பிடிக்கும் பொருளில் அதைத் தடவுவது சரியல்ல.

உங்களுடையது அடுக்குமரமாக இருக்காது, ஒற்றை மரம். ஒற்றை மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. பெயின்ட் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' என்று கேளுங்கள். இது காற்றைப் பிடித்துக் காய்ந்து, மரத்தில் மெல்லிய தோலாக மாறும் எண்ணெய். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வெளியே வைத்துப் பூசணத்தைத் துடையுங்கள். அந்தத் தூசியை மூச்சில் இழுக்காதபடி மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பிழிந்த சோப்புத் துணியால் துடைத்து, நிழலில் நாலு நாள் உலர்த்துங்கள். பிறகு நாலைந்து சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் விட்டு, கை சூடாகும் வரை மரத்தில் தேயுங்கள். இருபது நிமிடம் கழித்து, மேலே நிற்பதை ஒன்றுவிடாமல் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் காயவிட்டு மறுபடி. மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆகும். மூன்று பூச்சு போதும். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, ஆடி முடிவதற்குள் ஒரு பூச்சு. நிறைய ஊற்றினால் நிறையக் காக்கும் என்று நினைக்க வேண்டாம். பயிருக்கு யூரியா மாதிரிதான், அளவு மீறினால் பிசுக்குதான் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். ஈரமாகக் கட்டிய வைக்கோல் போர் உள்ளுக்குள் சூடேறிப் பற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சுருட்டிய எண்ணெய்த் துணியும் அதுபோலத் தானாகத் தீப்பிடிக்கும். துணியை விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிட்டு வெட்டவெளியில் போடுங்கள். கூரை வீட்டுக்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

இரும்புப் பாகத்துக்குப் போடும் எண்ணெய் வழிந்து மரத்தில் இறங்கி, இரும்பும் மரமும் சேரும் கழுத்தை நாளடைவில் மெதுவாக்கிவிடும். பல பழைய துப்பாக்கிகளில் கட்டை உடைவது அங்கேதான். இரும்புக்கு ஓரிரு சொட்டுக்கு மேல் வேண்டாம். போட்ட அன்று குழல் வாய் கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள். கட்டையில் வெடிப்பு இருந்தால் ஊர் ஆசாரியிடம் கொடுக்காதீர்கள். துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்குத் தனி உரிமம் வேண்டும் என்கிறது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். உரிமம் உள்ள கடைக்கே கொண்டுபோங்கள். அடுத்த முறை ஒப்படைக்கும்போது பாலித்தீன் பையில் சுற்றாமல் உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். பாலித்தீனுக்குள் மரம் வியர்க்கும். கட்டை இருக்கும் நிலையை ரசீதில் குறிக்கச் சொல்லி, ஒரு புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துப்பாக்கி உரிமம் வேறு, காட்டு விலங்கைச் சுடும் அனுமதி வேறு. காட்டுப்பன்றி கடலையைக் கிளறியிருந்தாலும் வனத்துறையிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து இழப்பீடு கேளுங்கள். உரிமம் கையில் இருக்கிறதே என்று சுட்டால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும்.

கேள்வி: சார், மண்வெட்டிக் காம்பு அடிக்கடி ஆடுகிறது. தினமும் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் இறுகிவிடுகிறது. மத்தியானத்துக்குள் மறுபடி ஆடுகிறது. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் எங்களுக்கு இது பெரிய தொல்லை. வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. முதலில் அந்த ஊறப்போடுவதை நிறுத்துங்கள். ஊறிய மரம் உப்பும்போது இரும்புக் கண் அதை விடாது. உப்ப இடமில்லாமல் நார் நசுங்கும். காய்ந்ததும் முன்னைவிட மெலிந்துபோகும். ஒவ்வொரு நாளும் ஊறப்போட ஊறப்போட காம்பு நிரந்தரமாக இளைத்துக்கொண்டே வரும். மேலே எழுதிய அதே கணக்குதான்: ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் மாமா விறகு பிளந்துகொண்டிருந்தார். அவரும் முந்தின நாள் கோடாலியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு இறுக்கியவர்தான். உச்சி வெயிலில் ஓங்கியபோது இரும்பு கழன்று பறந்தது. பக்கத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த அத்தையின் பாதத்தில் விழுந்தது. அத்தை பிறகு நடந்தார்கள், ஆனால் நாற்று நடப் போகவில்லை. அதற்கப்புறம் ஆடுகிற காம்பை எங்கே பார்த்தாலும் நான் சும்மா போவதில்லை.

செய்ய வேண்டியது இது. காம்பைக் கழற்றி ஒரு வாரம் நிழலில் நன்றாகக் காயவையுங்கள். காய்ந்த மரத்தில்தான் சரியான அளவு தெரியும். கண்ணில் மாட்டி, முனையில் காய்ந்த கருவேல மர ஆப்பை இறக்கி அடியுங்கள். பிறகு ஒரு தகர டப்பாவில் இரண்டு விரற்கடை உயரம் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, ஆப்பு அடித்த முனையை அதில் ஒரு ராத்திரி நிறுத்தி வையுங்கள். வெட்டுமுகம் எண்ணெயைக் குடிக்கும். துடைத்து ஒரு வாரம் காயவிட்டால் அந்த எண்ணெய் உள்ளேயே காய்ந்து நிற்கும், தண்ணீர்போல மத்தியானம் ஓடிவிடாது. கைபிடிக்கும் பகுதிக்கு ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும். கையில் கொப்புளமும் குறையும். வார்னிஷ் அடித்தால் வழுக்கும். துணி விஷயத்தில் மேலே சொன்ன எச்சரிக்கை இங்கும் உண்டு. கால் லிட்டர் எண்ணெய் வாங்கினால் பத்துப் பெண்களின் மண்வெட்டிக்குப் போதும், பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

புதுக் காம்பு வாங்கும்போது நார் முனைக்கு முனை நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பாதியில் பக்கவாட்டில் வெளியேறும் நார் இருந்தால் அங்கேதான் ஒடியும். பச்சைக் கட்டையாக வாங்கினால் இரண்டு முனையிலும் சாணியோ பழைய பெயின்டோ பூசி, நிழலில் போடுங்கள். எங்கள் ஊர் ஆசாரிகள் அப்படித்தான் செய்வார்கள். வெட்டுமுகத்தை மூடினால் மரம் மெதுவாகக் காயும், மெதுவாகக் காய்ந்தால் வெடிக்காது.

போட்டிக்குப் போகும் பெண்ணின் அப்பாவுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. ஐயா, இன்றே பெட்டியைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுத்து வையுங்கள். பாதி வைத்தியம் அதுதான். மகள் எப்படிச் சுட்டாள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். மாடுகளை விற்று வாங்கியது என்று எழுதியிருந்தீர்கள். மறுபடி கறவை மாடு வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்குள்ள கடன் திட்டங்களை அடுத்த இதழில் விவரமாகச் சொல்கிறேன். மற்றவர்களும் கேள்விகளை ஒரு பக்கத்துக்குள், பயிரின் வயதும் மண்ணின் வகையும் குறிப்பிட்டு அனுப்புங்கள்.